வாடையும் வேர்ச்சொல்லும்

சென்ற மாதம் சென்னையில் ஒரு கருத்தரங்கு முடிந்த மாலை, ஆய்வாளர்கள் அறுவர் ஒரு சிறிய ஜப்பானிய உணவகத்துக்குச் சென்றோம். குடியிருப்புத் தெருவில், தையற்கடைக்கும் மருந்துக்கடைக்கும் இடையே, பன்னிரண்டு பேர் நெருக்கி அமரக்கூடிய கடை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்குப் பணிபுரிய வந்த ஜப்பானியர்களுக்கென்று சென்னையில் இத்தகைய கடைகள் தோன்றின. இப்போது மாதக்கடைசியில் உதவித்தொகை வந்தால் நம்மைப் போன்றவர்களும் எட்டிப்பார்க்கிறோம். பலகை மேசை, சிறு கிண்ணத்தில் சோயா, வினிகர் கலந்த வெதுவெதுப்பான சோற்றின்மீது ஒரு துண்டுப் பச்சைச் சூரை. நன்றாகவே இருந்தது. இந்தப் பதிவு அந்த உணவின் மீதான குறை அன்று.

குறை, அந்த மேசையில் நிகழ்ந்த உரையாடலின் மீது. எங்களில் மூத்தவர் ஒருவர், முதல் துண்டை விழுங்கியதும், “சுஷி நம்முடைய சொல்தான். சுவை, சுவி, சுஷி. ஓனோ சொல்லவில்லையா?” என்றார். அடுத்தவர், “இல்லை, அது சுசி, தூய்மை” என்று திருத்தினார். இரண்டு கருதுகோள்களுக்கும் மேசை தலையசைத்தது. உண்டு முடிப்பதற்குள் ஒருவர் படத்தோடு அதைப் பதிவிட்டும் விட்டார். விருப்பக்குறிகள் வந்து குவிந்தன. மொழியியலில் முதுகலை முடித்து, ஒப்பீட்டு மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிற நான் என்ன செய்தேன்? சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம், அதுதான் எளிது. ‘சுஷி’ என்பது ஜப்பானிய மொழியில் ‘புளிப்பானது’ என்று பொருள்படும் பழைய பெயரடை. அதில் ‘ஷி’ என்பது பெயரடையின் முற்று விகுதி. வினிகருக்கு இன்றும் ஜப்பானியர் சொல்லும் பெயர் ‘சு’. விகுதியைக் கழற்றிவிட்டால் ஒப்பிடுவதற்கு எஞ்சுவது ‘சு’ என்ற ஓரசை மட்டுமே. ஓரசையை வைத்துக்கொண்டு உலகின் எந்த மொழியோடும் உறவு கொண்டாடலாம். ‘சுவை’யோடு சேர்ப்பீர்கள், நாளை ஒருவர் ‘சுடுதல்’ என்பார், மறுநாள் ஒருவர் ‘சுறா’ என்பார். மூன்றும் ஒரே வலிமையுடையவை, அதாவது வலிமையற்றவை. ‘சுசி’யோ வடசொல், தமிழ்ப் பெருமையை நிறுவ வந்தவர் சமற்கிருதத்தைத் துணைக்கழைத்தது அவருக்கே தெரியவில்லை.

தற்செயல் ஒப்புமை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு முதலாண்டு மாணவர்களுக்கு நாம் சொல்லும் சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் ம்பபராம் மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை; கடனும் இல்லை. பாரசீகத்தில் ‘பத்’ என்றால் கெட்டது; ஆங்கில ‘பேட்’ அதன் உடன்பிறப்பன்று. வகுப்பறையில் இதைக் கற்பிக்கிறவர்கள், உணவு மேசையில் தமிழ் என்று வந்ததும் மறந்துவிடுகிறோம்.

ஓனோவின் பெயரை இழுத்தவர்களுக்கு ஒரு சொல். சுசுமு ஓனோ பழஞ்ஜப்பானிய இலக்கணத்தில் ஆழங்கால்பட்ட அறிஞர். சென்னையில் பொற்கோவோடும், யாழ்ப்பாணத்தின் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரோடும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். சொற்களை வரிசைப்படுத்தினார், ஒலியொப்பு விதிகளை முன்வைத்தார், யாப்பையும் பொங்கல் சடங்கையும் ஒப்பிட்டார். அவர் முடிவைப் பெரும்பாலான வரலாற்று மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. பின்னாளில் அவரே, இரு மொழியும் ஒரு தாய்வழி என்ற நிலையிலிருந்து நகர்ந்து, தொடர்பால் விளைந்த கலப்பு என்ற நிலைக்கு வந்தார். அவரோடு முரண்படுவதற்கும் உழைப்பு வேண்டும். அவர் பெயரைச் சொல்லி மேசையில் வேர்ச்சொல் வீசுவதற்கு எந்த உழைப்பும் வேண்டாம். தமிழும் ஜப்பானியமும் ஒட்டுநிலை மொழிகள், இரண்டிலும் வினை இறுதியில் வருகிறது என்பதும் உறவுக்குச் சான்றாகாது. துருக்கியும் மங்கோலியமும் கொரியமும் அப்படித்தான்.

இனி நான் சொல்லவந்ததற்கு வருகிறேன்.

என் ஊர் கோட்டுகால். நெய்யாற்றின்கரை வட்டம், திருவனந்தபுரம் மாவட்டம். ஒரு பக்கம் விழிஞம். கீழே அடிமலத்துறைக் கடற்கரை. மறுபக்கம் பாறசாலை வழியாகப் பேருந்து ஏறினால் களியிக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று கோடு போட்டார்கள். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் அந்தப் பக்கம். நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம். பள்ளியில் எனக்கு மலையாளம். வீட்டில் அம்மச்சி பேசியது தமிழ். ஆனால் அது எந்தத் தமிழ் என்று சென்னைக்கு வந்தபிறகே எனக்குக் கேள்வி எழுப்பப்பட்டது.

எங்கள் வீட்டு வாசலில் காலை பத்து மணிக்கு மீன்காரப் பெண்மணி வருவார். தலையில் சும்மாடு, அதன்மேல் அலுமினியச் சருவம். “மக்களே, அயிலை இருக்கு, சாளை இருக்கு, சூரை இருக்கு” என்பார். அடுத்த வீடு மலையாளம் பேசும் வீடு. அங்கே அதே மூச்சில் “அயல, சாள, சூர” என்பார். பத்தடி தூரத்தில் இரண்டு மொழி, ஒரே சருவம்.

இதை ஒரு மொழியியல் மாணவர் கேட்டால் காது விடைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் சொல்லிறுதி ஐகாரம், மலையாளத்தில் அகரம். தலை – தல, மலை – மல, விலை – வில, மழை – மழ. அயிலை – அயல, சாளை – சாள, சூரை – சூர. மலையாள வீட்டில் அவர் ‘சாள’ என்னும்போது முதலெழுத்து வல்லின ஒலியோடு, சந்தை, சோறு ஆகியவற்றை மலையாளத்தில் ஒலிப்பதுபோல் ஒலிக்கும். தமிழ் வீட்டில் அது மென்மையாகத் தேயும். ஒரு சொல்லில் மட்டும் இல்லை. சொல்லுக்குச் சொல் இந்த ஒழுங்கு நிற்கிறது. உறவு என்றால் இதுதான் உறவு. ஒப்பீட்டு முறையின் முதற்பாடம் முழுவதும் அந்தச் சருவத்தில் இருந்தது. அதைத் தலையில் சுமந்தவர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். அவர் வீட்டு வாசலுக்கு வாசல் நிகழ்த்திய ஒலிமாற்றத்தை நம் மேசையில் இருந்த அறுவரில் ஒருவரும் ஒருநாளும் பதிவு செய்ததில்லை. நான் உட்பட.

அயிலை என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு பெருமை உண்டு. சென்னைக்காரர்கள் அந்த மீனைக் கானாங்கெளுத்தி என்பார்கள். அகநானூற்றின் 60ஆம் பாடலைத் திறந்து பாருங்கள். கடலில் தொழில் செய்யும் தந்தைக்கு, உப்பு விற்று வாங்கிய நெல்லின் வெண்சோற்றில் அயிலை மீனிட்ட புளிக்குழம்பை ஊற்றி, கொழுமீன் துண்டத்தோடு மகள் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். சோறு, புளிப்பு, மீன். இதை வைத்துக்கொண்டு நாளையே “சங்க காலத்தில் சுஷி” என்று கட்டுரை எழுதிவிட முடியும். எழுதுவதற்கு ஆளும் உண்டு. நான் அதைச் சொல்லவில்லை. சங்கப் பாடலில் உள்ள அயிலை இன்று எவர் வாயில் உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே கேட்கிறேன். கருத்தரங்க மேடையில் இல்லை. கோட்டுகால் வாசலில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் குமரிக் கரையில் இருக்கிறது. கேரளம் முழுவதும் ‘அயல’யாக இருக்கிறது.

ஆனால் முதுகலை முதலாண்டில் நான் ‘அயிலை’ என்றபோது விடுதி மேசையில் சிரித்தார்கள். ‘பறைந்தான்’ என்றபோது ஆசிரியர் ஒருவர், “உன் தமிழில் மலையாள வாடை அடிக்கிறது” என்றார். பறைதல் பழந்தமிழ் வினை. யாழ்ப்பாணத்தார் இன்றும் அதைப் பேசுகிறார்கள். அவர்கள் எந்த மலையாள வாடையும் அடிக்காமல்தான் பேசுகிறார்கள். மரச்சீனி என்றேன், கப்பைக்கிழங்கு என்று திருத்தினார்கள். திருத்தத் திருத்த நான் திருந்தினேன். இரண்டாம் ஆண்டில் என் பேச்சில் ஊர் தெரியாது. அதை அப்போது வெற்றி என்று நினைத்தேன்.

வாடை என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எடுத்தேன். அதே முதலாண்டில் ஊரிலிருந்து திரும்பும்போது அம்மச்சி நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தார். மூன்று மடிப்பு நாளிதழ், அதன்மேல் நெகிழிப்பை, அதன்மேல் துணிப்பை. எவ்வளவு கட்டியும் கருவாடு தன்னைச் சொல்லிக்கொண்டது. விடுதியின் காப்பாளர் அறையில் எனக்கு அறிவுரை வழங்கப்பட்டது: பிறருக்கு இடையூறு. அறிவிப்புப் பலகையில் மறுநாள் பொதுவான சுற்றறிக்கை வந்தது. பெயர் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. அன்றிரவு அந்தப் பொதியை நானே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். அம்மச்சியிடம் “தீர்ந்து போச்சு, எல்லாருக்கும் பிடிச்சுது” என்றேன். அடுத்த முறை இரண்டு பொதி கட்டிவைத்திருந்தார்.

அன்று முகம் சுளித்தவர்களில் சிலர் இன்று பச்சை மீனைக் குச்சியால் எடுத்து, கண்ணை மூடிச் சுவைத்து, வேர்ச்சொல் காண்கிறார்கள். உண்பது அவரவர் உரிமை, மாறுவதும் உரிமை. ஆனால் எது மாறியது என்று கேட்கும் உரிமை எனக்கும் உண்டு. மீன் மாறவில்லை. அதைப் பரிமாறுகிற ஊரின் மதிப்பு மாறியிருக்கிறது.

சுஷியின் வரலாறே இந்தக் கேள்விக்கு விடை சொல்லும். இன்று நாம் காணும் சுஷி பழைய சுஷி அன்று. பழைய வடிவம் ‘நரெசுஷி’: உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து, கல் வைத்து அழுத்தி, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நொதிக்கவிடுவார்கள். சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு மீனைக் காக்கும். உண்ணும்போது சோற்றை எறிந்துவிட்டு மீனை உண்பார்கள். பிவா ஏரிக்கரையில் கெண்டை இன மீனைக் கொண்டு இன்றும் செய்கிற ‘ஃபுனாசுஷி’ அதன் எச்சம். அதன் மணம் ஜப்பானியரிலேயே பலரை ஓடவைக்கும். உணவு வரலாற்றாளர் இஷிகே நவோமிச்சி இந்த முறையின் பிறப்பிடத்தைத் தென்கிழக்காசிய நெல்வயல்களில், மெகாங் ஆற்றுப் பகுதியில் தேடினார். சோறும் மீனும் மிகுந்து, மழைக்காலம் முடிந்தபின் மீன் கிடைக்காமற் போகும் நிலங்களில் பிறந்த சேமிப்பு முறை அது. அதாவது, எந்தப் பழஞ்சோற்றையும் கருவாட்டையும் நாம் நாகரிகமற்றவை என்று மறைக்கிறோமோ, அவற்றின் தொலைதூரப் பங்காளிதான் சுஷி. வேர்ச்சொல் உறவு அன்று. வெப்பநாட்டு வறியோர் கண்ட வழிமுறையில் உறவு.

கையால் பிடித்த சோற்றின்மீது மீன் துண்டு வைக்கும் இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதோ நகரத்தில், இன்றைய டோக்கியோவில், பரவியது. ஹனாயா யோஹேய் என்பவர் பெயரோடு அதை இணைத்துச் சொல்வார்கள். தெருவோரத் தள்ளுகடைகளில், வேலைக்கு இடையே நின்றபடி உண்ணும் உணவு அது. நம் பேருந்து நிலையத்து இட்லிக்கடைக்கு நிகர். இன்று விலையுச்சியில் இருக்கும் கொழுப்புச் சூரைத் துண்டை அன்று கீழ்த்தரமென்று ஒதுக்கினார்கள். ‘பூனையும் தாண்டிப்போவது’ என்று அதற்கு இழிபெயரே இருந்தது. குளிர்பெட்டியும் சரக்கு விமானமும் வந்தபின் அதே துண்டு அரசுணவாயிற்று. ஆக, எது நாற்றம், எது நறுமணம் என்பதை மூக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. சந்தையும் அதிகாரமும் கூடி அமர்ந்து தீர்மானிக்கின்றன.

தமிழுக்கும் ஜப்பானிய அடுப்புக்கும் உண்மையான தொடர்பு வேண்டுமா? இருக்கிறது, சான்றோடு இருக்கிறது. ‘கறி’ என்ற நம் சொல் ஐரோப்பியர் வாய்வழி ஆங்கிலத்துக்குப் போய், மெய்ஜி காலத்தில் ஜப்பானுக்கு ‘கரே’யாகச் சென்று, இன்று அந்நாட்டின் அன்றாட வீட்டுணவாகிவிட்டது. அந்தப் பயணத்தில் எங்கள் வட்டத்துக்கும் பங்குண்டு. நெய்யாற்றின்கரையில் பிறந்த ஏ. எம். நாயர் கியோத்தோவுக்குப் பொறியியல் படிக்கச் சென்றார்; ராஷ் பிஹாரி போஸின் துணைவராக விடுதலை இயக்கத்தில் உழைத்தார்; போருக்குப் பின் 1949இல் டோக்கியோவின் கின்சாவில் இந்திய உணவகம் ஒன்றைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

இன்னொன்று: மாசிக்கருவாடு. சூரை இனத்து மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையாகும்வரை உலர்த்துவது. மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்து, இலங்கை வழியும் தூத்துக்குடி வழியும் நம் அம்மிக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதா, மாலத்தீவிலிருந்து அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போவதை எழுதிவைத்திருக்கிறார். ஜப்பானியச் சாறுகளுக்கெல்லாம் அடிப்படையான ‘கட்சுவோபுஷி’ அதே மீன். ஏறத்தாழ அதே முறை. சுஷிக் கடையில் முதலில் வைத்த அந்தத் தெளிந்த சாற்றின் சுவை எனக்கு எங்கோ தெரிந்ததாகத் தோன்றியதன் காரணம், பின்னர் வாசித்தபோதுதான் விளங்கியது. ஆனால் ‘மாசி’ என்று சொன்னால் மேசையில் கைதட்டு கிடைக்காது. அதில் பெருமை இல்லை, கருவாடு இருக்கிறது.

அந்தக் கடையில் எங்களுக்குப் பரிமாறிய சமையற்காரர் ஜப்பானியர் அல்லர். நெற்றியில் ஜப்பானியத் துணிப்பட்டை கட்டியிருந்த அந்த இளைஞர் மணிப்பூர்க்காரர். பிறர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் ‘ங்காரி’ பற்றிக் கேட்டேன். சிறு கெண்டைகளை மண்பானையில் அடைத்து மாதக்கணக்கில் நொதிக்கவைக்கும் அவர்கள் ஊர் மீன். அவர் முகம் மலர்ந்தது, பிறகு தணிந்த குரலில் சொன்னார்: இந்நகரில் மூன்று வீடு மாறியாயிற்று, ங்காரி சமைத்ததால் இரண்டு. இப்போது சமைப்பதில்லை. புளித்த மீனின் நாட்டிலிருந்து வந்தவர், புளித்த மீனின் பேரக்குழந்தையை வேறொரு நாட்டின் உடுப்பில் நமக்குப் பரிமாறுகிறார், நாம் மெச்சுகிறோம். அவருடைய சொந்த மீனை வீட்டில் வைத்திருந்தால் வாடகை ஒப்பந்தத்தை முறிக்கிறோம். நான் முதலாண்டில் குப்பைத்தொட்டி முன் நின்றதும் அவர் மூன்றாம் வீட்டில் அடுப்பை அணைத்ததும் ஒரே சுற்றறிக்கையின் இரண்டு பிரதிகள்.

சில எதிர்வாதங்கள் வரும் என்று அறிவேன்.

“மொழிப்பெருமையைச் சிறுமைப்படுத்துகிறாய்” என்பது முதலாவது. பெருமை எனக்கும் உண்டு. ஆனால் ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள அயிலையை நகைத்துவிட்டு, அரை நிமிடத்தில் பிறந்த ‘சுவை–சுஷி’யைக் கொண்டாடுவதற்குப் பெருமை என்று பெயர் இல்லை. உள்ளூர்ச் சொல்லைச் சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தை மறைக்க அயல்நாட்டுச் சான்றிதழ். இரண்டும் ஒரே நோய்.

“வாடை என்பது உண்மையான உடல் உணர்வு, அதை அரசியலாக்காதே” என்பது இரண்டாவது. ஒப்புக்கொள்கிறேன், கருவாடு வறுத்தால் மணம் தெருமுனைவரை போகும். பெருங்காயமும் போகும், பலாப்பழமும் போகும். அவற்றுக்குச் சுற்றறிக்கை வந்ததுண்டா? எந்த மணத்துக்குச் சன்னலைத் திறக்கிறோம், எந்த மணத்துக்குக் காப்பாளரை அழைக்கிறோம் என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொல்லப் பெரிய கோட்பாடு ஒன்றும் வேண்டாம்.

“கடற்கரை வழக்கை ஆய்ந்தவர் எவருமில்லை என்கிறாயா?” என்பது மூன்றாவது. அப்படிச் சொல்லவில்லை. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் திருவனந்தபுரத்தில் இருந்தபோது மலையாளக் கிளைமொழிகளைச் சமூகவாரியாக அளந்தெடுக்கும் பெரும்பணியைத் தொடங்கிவைத்தார். கி. ராஜநாராயணன் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று கரிசல் வழக்குக்கு அகராதி செய்தார். தேங்காய்ப்பட்டணத்தைத் தோப்பில் முகமது மீரானும், பரதவர் கடலை ஜோ டி குரூஸும், நெய்தல் வாழ்வை வறீதையா கான்ஸ்தந்தினும் எழுதினார்கள். வழி இல்லை என்பதன்று என் புகார். வழி காட்டியபின்பும் நாம் நடக்கவில்லை என்பதே. எல்லையின் இந்தப் பக்கத்துத் தமிழை மலையாளத் துறை தமிழென்று விடுகிறது. தமிழ்த் துறை மலையாளமென்று விடுகிறது. இரண்டு துறைக்கும் நடுவே அம்மச்சிகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். என் அம்மச்சி இறந்து மூன்றாண்டு ஆகிறது. என்னிடம் அவர் குரல் பதினோரு நிமிடம் இருக்கிறது. அதுவும் பேத்தி சாப்பிட்டாளா என்று விசாரிக்கும் பதினோரு நிமிடம்.

காலம் இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். விழிஞத்தில் 2015 இறுதியில் துறைமுகப் பணி தொடங்கியது. 2025 மே மாதம் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பது இந்தப் பதிவின் வழக்கன்று. ஆனால் கரை மாறினால் சொல் மாறும். எங்கள் பக்கத்துக் கட்டுமரக்காரர்கள் கடலுக்கடியில் உள்ள பாரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கரையிலுள்ள மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேரில் வைத்து ஒரு கோடு. இன்னொரு முகட்டையும் இன்னொரு தென்னந்தோப்பையும் வைத்து மறுகோடு. இரண்டும் வெட்டுமிடத்தில் வலை. அதற்குப் பெயர் கணிச்சம். இன்று கைப்பேசியும் செயற்கைக்கோளும் அந்த வேலையைச் செய்கின்றன. செய்யட்டும், உயிர் காக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் இருந்தது. நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் திசைவாரியாகப் பெயர் இருந்தது. அவற்றை அறிந்த தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது. 2017இல் ஒக்கிப் புயல் பூந்துறையிலும் விழிஞத்திலும் தூத்தூர்க் கரையிலும் எத்தனை வீடுகளை ஆணில்லாத வீடுகளாக்கியது என்பதை இக்கரையில் பிறந்தவர் எவரும் மறக்கமாட்டார்கள். அவர்களோடு போனவை உயிர்கள் மட்டுமல்ல என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உயிரைவிடச் சொல் பெரிதன்று. எனினும் அதுவும் போனது.

ஆகவே நான் கேட்பவை பெரியவை அல்ல.

கடற்கரை மாவட்டங்களில் உள்ள ஒவ்வொரு தமிழ்த் துறையும் மொழியியல் துறையும் முதுகலை மாணவர் ஒருவருக்கு ஒரு துறைமுறை என்று ஒதுக்கட்டும்: மீன், காற்று, நீரோட்டம், வலை, தோணி, ஏலம், கூறு ஆகியவற்றின் சொற்களைக் குரலோடு பதிவுசெய்து வரட்டும். சொன்னவர் விரும்பினால் அவர் பெயர் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அல்ல, முகப்பில் வரட்டும். வாய்மொழித் தேர்வில் வட்டார வழக்கைப் பிழையென்று குறிக்கும் சிவப்பு மையை நிறுத்துங்கள். எல்லைப்புற மாணவர் வந்தால் “இது தமிழா மலையாளமா” என்று கேட்பதற்கு முன், அவர் சொன்ன சொல்லை அகராதியில் ஒருமுறை பாருங்கள். விடுதிச் சமையலறையில் வாரம் ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வைக்க முடியாத பல்கலைக்கழகம், நெய்தல் திணை குறித்துப் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தவேண்டாம்.

சுஷி உண்ணுங்கள். நானும் மறுபடி போவேன். அந்த மணிப்பூர் இளைஞரிடம் மாசிக்கருவாடு ஒரு பொதி கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மேசையில் இனி ஒருவர் வேர்ச்சொல் கண்டால் நான் சிரித்துவைக்க மாட்டேன். சான்று கேட்பேன்.

மறுப்பு எழுத விரும்புவோர் எழுதலாம், வரவேற்கிறேன். ஒரேயொரு நிபந்தனை. எழுதுமுன் உங்கள் ஊர் மீன்சந்தைக்குப் போய், பத்து மீன்களின் பெயரை விற்பவர் வாயிலிருந்து கேட்டு, அவர் ஒலித்தபடியே குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலை மறுப்பின் கீழே இணையுங்கள். மறுப்பு தோற்றாலும் பட்டியல் மிஞ்சும்.